தண்ணீர் எங்கே போகிறது?

(சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)

கையில் கிரீஸ் காயாமல் பட்டறையிலிருந்து நேராக ஓடிவந்திருக்கும் தம்பிமார்களே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களே, சொந்தக் கார் வைத்திருப்பவர்களே, இனி வாங்கப்போகிறவர்களே, தாய்மார்களே!

இன்று நான் பேச வந்திருப்பது கார் எஞ்சினின் சூட்டைப் பற்றி. அந்தச் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டைப் பற்றி. அந்தக் கூலன்ட் ஒழுகினால் என்ன செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றி. இரண்டு மணி நேரம் பேசினாலும் நான் சொல்லப்போவது ஒரே ஒரு செய்திதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இருந்த தண்ணீர் எங்கே போனது?

நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. "அண்ணே, வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்குது. மத்தபடி நல்லா ஓடுது." எத்தனை பேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! நான் கேட்கிறேன், எந்த எஞ்சின் தண்ணீர் குடிக்கும்? பெட்ரோல் எரிந்து போகும். டீசல் எரிந்து போகும். எஞ்சின் ஆயில்கூடக் கொஞ்சம் எரிந்து குறையலாம். கூலன்ட் எரிவதற்காக ஊற்றப்பட்டதல்ல. அது மூடிய பாதையில் சுற்றிச் சுற்றி வருவது. போன இடத்திலிருந்து திரும்பி வருவது. அது குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வெளியே ஓட்டை, இல்லாவிட்டால் உள்ளே ஓட்டை. மூன்றாவது வழி கிடையாது.

இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் ஏது? வடக்கே மறைமலை நகர். ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் அங்கே கார் செய்தது. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் கடைசி வண்டியும் வெளியே வந்துவிட்டது. ஆனால் அங்கே வேலை கற்ற கைகள் இன்னும் இந்தச் சாலையோரம் முழுக்க இருக்கின்றன. தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டி. 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் அங்கே பூட்டப்படுகின்றன. மேற்கே போகும் சாலை ஒரகடத்துக்குப் போகிறது. ரெனோ நிசான் ஆலை 2010-இல் அங்கே தொடங்கியது. 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை வந்தது. உலகத்துக்கே வண்டி செய்யும் வட்டாரம் இது. அப்படிப்பட்ட வட்டாரத்தில், ஓட்டைக்கு மஞ்சள் தூள் போட்டு அடைக்கலாம் என்று இன்றும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறோமே, இது நியாயமா?

மஞ்சள் தூளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சூட்டுக்கு வருவோம்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தத் தீயை மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட் எதனால் ஆனது? பெரும்பாலான கார்களில் அலுமினியம். அலுமினியம் எத்தனை டிகிரியில் உருகும்? 660 டிகிரியில். கணக்கைப் பாருங்கள். உருக வேண்டிய ஹெட் ஏன் உருகவில்லை? மறுபக்கம் கூலன்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான். நீங்கள் போடும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மிச்சமிருக்கும் பங்கைச் சுமந்து வெளியேற்றும் வேலை கூலன்ட்டுக்கு. ஒவ்வொரு நிமிடமும், ஒவ்வொரு கிலோமீட்டரும், ஓய்வே இல்லாமல்.

தொடக்க காலக் காரோட்டிகள் இந்தச் சூட்டோடு பட்டபாடு பெரியது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாகப் போகவிட்டார்கள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊற்றினார்கள். அதற்கு விடை கண்டவர் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தில் இருந்த வில்ஹெல்ம் மேபாக். 1900-1901-இல் அவர் வடிவமைத்த 35 குதிரைச் சக்தி மெர்சிடிஸ் காரின் முகப்பில் தேன்கூட்டு ரேடியேட்டரைப் பொருத்தினார். ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள 8,070 சிறு குழாய்கள். குழாய்களின் ஊடே காற்று, சுற்றிலும் தண்ணீர். அதற்கு முன் 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்றாயிற்று. இன்று உங்கள் போனெட்டைத் திறந்தால் முன்னால் தெரிகிறதே ரேடியேட்டர், அது அந்த வழியில் வந்ததுதான். அந்த டைம்லர் பெயரைத் தாங்கிய லாரி ஆலைதான் இங்கிருந்து சற்றுத் தூரத்தில் ஒரகடத்தில் நிற்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். தண்ணீர் எங்கே போகிறது?

வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு கறை, தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் இனிப்பு வாடை என்றால் அது கூலன்ட். தெளிந்த வெறும் நீர், அதுவும் ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு சொட்டுவது என்றால் அது ஏ.சி. நீர். அதற்குப் பயப்பட வேண்டாம். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். மாமல்லபுரம் போய்வந்த வண்டி நிறையவே சொட்டும். அந்த நீரைப் பார்த்துப் பதறிப் பட்டறைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. கறையைப் பார்த்தும் ஏ.சி. தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் உண்டு. இரண்டாமவர்களுக்காகத்தான் நான் கவலைப்படுகிறேன்.

கறை எந்த இடத்தில் விழுந்தது என்பதும் ஒரு தடயம். முன்னால் விழுந்தால் ரேடியேட்டர். பெல்ட் பக்கம் விழுந்தால் வாட்டர் பம்ப். பம்பின் அடியில் ஒரு சிறு துளையை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். உள்ளே சீல் போய்விட்டால் அந்தத் துளை வழியே ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். அதை அடைத்துவிட்டு, ஒழுகல் நின்றுவிட்டது என்று சொல்லக் கூடாது. பேரிங்குக்குள் தண்ணீர் போய்ப் பம்ப் பிடித்துக்கொள்ளும். ஹோஸ் பைப்பைப் பாருங்கள். அழுத்தினால் கல்லாக இறுகியிருந்தாலும் கெட்டது, கூழாக நசுங்கினாலும் கெட்டது. கிளிப் இருக்கும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால், அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். காருக்குள் டாஷ்போர்டுக்குக் கீழே மிதியடி ஈரமாகி, முன் கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுத்த மூட்டம் படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

வெளியே எங்கும் தடயம் இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது. அப்போது என்ன? அப்போதுதான் உண்மையான கவலை. உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கட் ஒரு மெல்லிய தகடு. ஒரு பக்கம் தீ, ஒரு பக்கம் கூலன்ட், ஒரு பக்கம் ஆயில். மூன்றையும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைத்திருப்பது அதுதான். அது எரிந்தால் மூன்றும் கலக்கலாம். புகைக்குழாயில் ஓயாமல் வெண்புகை வருகிறதா? ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காபி நிறம் தெரிகிறதா? குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழ் குமிழாகக் கொப்பளிக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறைக்குக் கட்டி இழுத்து வாருங்கள்.

பட்டறைத் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஒழுகலைக் கண்ணால் தேடிக் களைக்காதீர்கள். பிரஷர் டெஸ்டர் என்று ஒரு கைப்பம்ப் இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு அதை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, முள்ளைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். முள் நின்றால் கசிவில்லை. இறங்கினால் உண்டு, அந்த அழுத்தத்தில் கசிவு தானாகவே பீறிட்டு இடத்தைக் காட்டும். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் முள் இறங்கினால் உள்ளே போகிறது. பெரிய பெரிய ஸ்பேனர் செட் வாங்கும் நாம், இந்தச் சிறு கருவி இல்லாமல் பட்டறை நடத்தலாமா?

மூடி என்று சொன்னேன். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த மூடியை ஒரு பொருளாக மதித்திருக்கிறோம்? அது தண்ணீர் சிந்தாமல் இருக்கப் போட்ட தகரம் என்று நினைப்பவர்கள் ஏராளம். வீட்டில் குக்கர் என்ன செய்கிறதோ அதைத்தான் இந்த மூடி செய்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். திறந்த தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி என்று கலந்து அதே அழுத்தத்தில் வைத்தால் கொதிநிலை 130 டிகிரியை நெருங்கும். பல கார் மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் எழுதியிருக்கிறதே, அது இந்த அழுத்தம்தான். அதில் இரண்டு வால்வுகள் உண்டு. சூட்டில் விரிந்த கூலன்ட்டைப் பக்கத்து டப்பாவுக்கு அனுப்ப ஒன்று. ஆறியதும் அங்கிருந்து திரும்ப இழுத்துக்கொள்ள இன்னொன்று. முதல் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் கூலன்ட் சீக்கிரம் கொதித்து வெளியேறும். இரண்டாவது வால்வு அடைத்துக்கொண்டால் ஆறும்போது ஹோஸ் பைப் சூம்பிப்போகும். ரேடியேட்டரை மாற்று, பம்பை மாற்று, ஹெட்டைக் கழற்று என்று ஆயிரம் ஆயிரமாகச் செலவு செய்த பிறகு, கடைசியில் மூடியை மாற்றியதும் சரியான வண்டிகள் எத்தனை!

இந்த மூடிக்கு ஒரு சென்னைக் கதை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் இருந்த தன் ரேடியேட்டர் மூடி உற்பத்தியை நிறுத்தியது. அந்த எந்திரங்களை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ். இங்கே நம் தொழிலாளர்கள் செய்த மூடிகள் கப்பலேறி, ஜெனரல் மோட்டார்ஸின் அமெரிக்கக் கார்களில் ஏறின. அந்த நிறுவனத்தின் சிறந்த சப்ளையர் விருதையும் பெற்றுத் தந்தன. அமெரிக்காக்காரன் நம்பி வாங்கும் மூடியைச் செய்தது நம் கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்களான நாம், மூடி லூசாகிவிட்டது என்று துணி சுற்றி இறுக்கி ஓட்டலாமா?

இப்போது கைவைத்தியங்களுக்கு வருகிறேன். சிரிக்கலாம், ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

முதல் வைத்தியம் மஞ்சள் தூள். நெடுஞ்சாலையில் நடு இரவில் ரேடியேட்டர் ஒழுகியது. சுற்றிலும் பட்டறை இல்லை. பழைய கால லாரி ஓட்டுநர் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேர்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் ஊர் வந்து சேர்ந்த பிறகும் அப்படியே ஓட்டினால்? தூளுக்குக் கண் இருக்கிறதா? ஓட்டையை மட்டும் பார்த்து அடைத்துவிட்டு, மற்ற இடத்தை விட்டுவிடுமா? ஒழுகும் துளையை அடைக்கும் அதே தூள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். ஒழுகலும் நிற்கும், ஓட்டமும் நிற்கும். கடையில் பாட்டிலில் விற்கும் ஒழுகல் நிறுத்திகளுக்கும் இதே கதைதான். எம்-சீல் பூசுவதும் வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான்.

இரண்டாவது வைத்தியம் இன்னும் மோசம். "நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு அண்ணே? தூக்கிப் போட்டுட்டா வண்டி ஜில்லுனு ஓடும்." எத்தனை வண்டிகளில் தூக்கிப் போட்டிருக்கிறோம்! தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது? எஞ்சின் 82, 88 என்று அதில் எழுதியிருக்கும் வெப்பத்துக்கு வரும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கிறது, வந்ததும் திறக்கிறது. எஞ்சின் ஜில்லென்று ஓடுவது நல்லதா? இல்லை. எஞ்சினுக்கும் ஒரு வேலைச் சூடு உண்டு. அதற்குக் கீழே ஓடினால் பெட்ரோல் அதிகம் செலவாகும், ஆயில் சேறாகும், சிலிண்டர் தேயும். இன்னொன்றும் கேளுங்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கத்து வழியை மூடவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். குளிர வேண்டும் என்று எடுத்தோம், சுட்டுக்கொண்டு நிற்போம். தெர்மோஸ்டாட் கெட்டதா என்று தெரிய வேண்டுமா? ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு, தெர்மாமீட்டர் வைத்து அடுப்பில் சூடாக்குங்கள். எழுதிய வெப்பத்தில் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் மாட்டுங்கள். திறக்காவிட்டால் புதிது மாட்டுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.

மூன்றாவது, போர்த் தண்ணீர். "இங்கே என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை. அது நமக்குத் தேவையில்லை. ஆனால் கொதிநிலையை உயர்த்துவது அதன் இன்னொரு வேலை. துருப் பிடிக்காமல் காப்பது, பம்பின் சீலைக் காப்பது அதன் மற்ற வேலைகள். இவை மூன்றும் காஷ்மீரைவிடச் செங்கல்பட்டுக்குத்தான் அதிகம் தேவை. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது எஞ்சினுக்குள்ளும் படியும். உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்தப் படிவு போர்வையாகக் கிடந்தால் சூடு எப்படி இறங்கும்? கலக்காத கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். கலந்தே வருவதை வாங்கினால் அப்படியே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை என்றால் எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். ஒத்துவராத இரண்டு வகையைக் கலந்தால் உள்ளே கூழ் கட்டிவிடும்.

அடுத்து, சூடேறும் நேரம். வண்டி எப்போது சூடாகிறது என்று சொல்லுங்கள், எங்கே கோளாறு என்று பாதி சொல்லிவிடலாம். பண்டிகைக்கு ஊர் போகும் நாளில் பரனூர் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கிறீர்கள். டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது. சாவடியைத் தாண்டி வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது. இது எதைச் சொல்கிறது? ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் அடிக்க வேண்டும். ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸைப் பாருங்கள், ரிலேயைப் பாருங்கள், மோட்டாரைப் பாருங்கள், சென்சாரைப் பாருங்கள். எஞ்சினைத் தொட வேண்டிய வேலையே இல்லை. மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் ஏறுகிறதா? அப்படியானால் கூலன்ட்டின் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், தெர்மோஸ்டாட் அரைகுறையாகத் திறந்திருக்கும், அல்லது பம்பின் இறக்கை தேய்ந்திருக்கும். ஒரே முள், ஒரே ஏற்றம். ஆனால் நோய் வேறு.

நம் வெயிலையும் கணக்கில் எடுங்கள். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ரேடியேட்டர் 95 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். 25 டிகிரிக் காற்றில் வித்தியாசம் 70. 45 டிகிரிக் காற்றில் வித்தியாசம் 50 மட்டுமே. அதாவது மார்கழியில் தப்பித்துக்கொண்ட அரை அடைப்பு ரேடியேட்டர், அக்னி நட்சத்திரத்தில் மாட்டிக்கொள்ளும். அதோடு ஏ.சி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, சூடான காற்றையே பின்னால் அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவே பூச்சியும் தூசியும் அடைந்தால் கேட்கவே வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அடிக்கும் உப்புக் காற்று அந்த மெல்லிய அலுமினிய இதழ்களை அரித்துவிடும். அவ்வப்போது நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் பம்பை நேராகக் காட்டினால் இதழ்கள் மடங்கிக் காற்றின் வழி அடைபடும்.

கடற்கரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம். 1984-இலும் 1986-இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய இரண்டு அணு உலைகள் அங்கே இருக்கின்றன. அங்கே மிக முக்கியமான வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே வேலைதான். குளிர வைப்பது. கடலுக்குள் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தூரம் போகும் சுரங்கக் குழாய் வழியே கடல் தண்ணீரை எடுத்து, நீராவியைக் குளிர்விக்கிறார்கள். அந்தச் சுரங்கத்துக்கும் அடைப்பு வந்தது. கடல் மட்டிகள் சுவரெல்லாம் ஒட்டி வளர்ந்து, தண்ணீர் வரும் வழியைக் குறுக்கின. குளோரின் கலந்து அவற்றைக் கட்டுப்படுத்தினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து பம்ப் அறைக்குள் தண்ணீர் ஏறி, குளிர்விக்கும் பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை உடனே பாதுகாப்பாக நிறுத்தினார்கள். பம்ப் நின்றதா, உலையை நிறுத்து. யோசனையே இல்லை. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று உலைகள் நின்ற பிறகும் உள்ளே சூடு இருந்தது. பேரலையால் மின்சாரம் போய்க் குளிர்விக்கும் வழி அறுந்தது. உலைகள் உருகின.

எதற்காக இதைச் சொல்கிறேன்? அவ்வளவு பெரிய உலைக்கு உள்ள சட்டம்தான் உங்கள் சிறிய காருக்கும். குளிர்ச்சி நின்றால் ஓட்டம் நிற்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு, "அடுத்த ஸ்டாப்பிங் வரை போயிடலாம்" என்று மிதித்தவர்களின் ஹெட்தான் வளைந்து, லேத்துக்குப் போகிறது. முளையிலேயே மாற்றியிருந்தால் ஒரு ஹோஸ் பைப்போடு முடிந்திருக்கும். இன்னொரு பெரிய ஏமாற்று இருக்கிறது. அதையும் மனத்தில் வையுங்கள். கூலன்ட் முழுவதும் ஒழுகிப்போனால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். அப்போது முள் ஏறாமல் கீழேயே கிடக்கலாம். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும், முள் சும்மா இருக்கும். நல்ல ஏற்றத்தில் திடீரென்று முள் விழுந்தால் மகிழாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள்.

நடு வழியில் சூடேறினால் என்ன செய்வது? ஏ.சி.யை அணையுங்கள். முள் ஏறத் தொடங்கியதுதான், ஓரம் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்றால் ஹீட்டரை முழுவதும் திறந்து ஃபேனைப் போடுங்கள்; வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். போனெட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றலாம். துப்பட்டா, துண்டு, விரல் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். திறக்காதீர்கள். திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தில் கொதிக்காமல் அடங்கியிருந்த கூலன்ட், மூடி நழுவிய நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மீறிச் சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். பேனா மை வேண்டாம், பற்பசை வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. ஆனால் நாக்குக்கு இனிப்பு. குழந்தை குடித்துவிடும், நாய் நக்கிவிடும். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி மாடிப்படியில் வைக்காதீர்கள். பட்டறைக்காரர்களே, பழைய கூலன்ட்டைக் கால்வாயில் விடாதீர்கள். இந்தப் பக்கத்துக் கால்வாய்கள் எல்லாம் ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போகின்றன.

"இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? மின்சாரக் கார் வந்துவிட்டதே!" என்று யாராவது கேட்கலாம். வரட்டும். பல மின்சாரக் கார்களில் பேட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்க உள்ளே ஓடுவது கூலன்ட்தான். ரேடியேட்டர் இருக்கும், பம்ப் இருக்கும், ஹோஸ் பைப் இருக்கும், கிளிப் இருக்கும். ஆகவே ஒழுகலும் இருக்கும். இந்தத் தொழிலைக் கற்ற தம்பிக்கு வேலை போகாது.

இறுதியாகச் சொல்கிறேன். வண்டிக்காரர்களே, வாரம் ஒரு முறை, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, அந்த வெள்ளை டப்பாவைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா பாருங்கள். ஆயுத பூசைக்குப் போனெட்டைத் திறந்து சந்தனம் வைக்கிறோமே, அன்றைக்காவது ஹோஸ் பைப்பை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பட்டறைத் தம்பிமார்களே, "தண்ணி குடிக்குது" என்று ஒருவர் வந்து நின்றால், ஊற்றி அனுப்பாதீர்கள். மஞ்சள் தூள் கொடுத்து அனுப்பாதீர்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அனுப்பாதீர்கள். அழுத்தம் ஏற்றிப் பாருங்கள், ஓட்டையைக் கண்டுபிடியுங்கள், அதை அடைத்த பிறகு காற்றை வெளியேற்றி நிரப்புங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேளுங்கள். அது உங்கள் அறிவுக்கான கூலி. வண்டிக்காரர்களே, அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எஞ்சின் இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.